வேகம் இருக்கிறது, படம் ஏன் நிற்கிறது? – வாசகர் கேள்வி பதில்

வீட்டு இணையம், வைஃபை, நேரலை பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து நிறையக் கடிதங்கள். வீடு இங்கே, பிள்ளைகள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் சென்னையிலும் என்று இருக்கிற ஊர்களில் வீடியோ கால் நின்றுபோனால் அது சின்ன விஷயம் இல்லை. அதனால் இந்த முறை இந்தப் பக்கத்துக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீடு மூன்று கட்டு. ஃபைபர் இணைப்பு முகப்பில் வந்து நிற்கிறது, ரூட்டரும் அங்கேதான். 100 எம்பிபிஎஸ் திட்டம். நான் பெரும்பாலும் இரண்டாங்கட்டில்தான் இருப்பேன். மகள் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டால் பேத்தியின் முகம் பாதியில் அப்படியே நின்றுவிடுகிறது. இணைப்புக் கொடுத்தவர்கள் 300-க்கு மாறச் சொல்கிறார்கள். மாறட்டுமா?

வேண்டாம் ஆச்சி. அந்தப் பணத்தை எங்கே போட வேண்டும் என்று சொல்கிறேன்.

எம்பிபிஎஸ் என்பது ஒரு விநாடிக்கு எத்தனை மெகாபிட் தகவல் போகும் என்ற வேக அளவு. தெளிவான ஒரு வீடியோ காலுக்கு, போக வர இரண்டு மூன்று எம்பிபிஎஸ் இருந்தால் போதும். ஃபுல் எச்டி படம் பார்க்கவே 5 போதும், 4கே-வுக்கு 15 என்றுதான் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது. உங்கள் முகப்பு வரைக்கும் 100 வந்துவிடுகிறது. முகப்பிலிருந்து உங்கள் கைபேசிக்கு வருகிற வழியில்தான் எல்லாம் கரைகிறது. 300 வாங்கினாலும் அதுவும் அதே சுவரில் போய்த்தான் முட்டும்.

நம் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கனமாக எழுப்பியவை. வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது: 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ். ஐந்து வேகமானது, ஆனால் கனத்த சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் நலிந்துவிடும். 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது தனித்தனிப் பாதைகள், மூன்றுதான், 1, 6, 11. பக்கத்து வீட்டு ரூட்டர், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே அதே இடத்தில்தான் நெருக்கியடிக்கின்றன. இன்னொன்று, வீட்டில் பெரிய பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருந்தால் அதன் பின்பக்கத்து உலோகப் பூச்சு ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். ரூட்டரை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அடுத்தது பலர் கவனிக்காத விஷயம். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். தூரத்தில் இருக்கிற கைபேசியோடு பேசும்போது ரூட்டர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நிதானமாகப் பேசும், இல்லையென்றால் தகவல் சிதைந்துவிடும். அதே அளவு தகவலுக்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும். கல்யாணப் பந்தியில் ஒருவர் மெதுவாகச் சாப்பிட்டால் அவர் எழுந்திருக்கும்வரை அடுத்த பந்திக்கு இலை போட முடியாது இல்லையா, அந்த மாதிரிதான். இரண்டாங்கட்டில் நீங்கள் பேசும்போது முகப்பில் ஓடுகிற டிவியும் சேர்ந்து திணறுவது இதனால்தான்.

செய்ய வேண்டியது இது. ரூட்டரிலிருந்து கேட்-6 என்கிற நெட்வொர்க் கேபிள் ஒன்றே ஒன்று உள்ளே இழுங்கள், 100 மீட்டர் வரைக்கும் தாராளமாகப் போகும். அதன் முனையில் ஓர் ஆக்ஸஸ் பாயிண்ட், அதாவது வைஃபை மட்டும் கொடுக்கிற பெட்டி. அதை வளவில், அதாவது முகப்புக்கு அடுத்த முற்றக் கட்டில், முற்றத்தைப் பார்த்த மாதிரி, மழைச் சாரல் படாத உயரத்தில், தூணை ஒட்டி வையுங்கள். திறந்த முற்றத்தில் குறுக்கே சுவர் கிடையாது, நாலு பக்கத் தாழ்வாரத்துக்கும் அலை நேராகப் போகும், இரண்டாங்கட்டு வாசல் வழியாகவும் உள்ளே நுழையும். இரண்டாங்கட்டின் உள்ளறைகளுக்கும் வேண்டுமென்றால் அங்கே இன்னொரு பெட்டி. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் கொடுங்கள்; சேனலை மட்டும் வேறு வேறாக வையுங்கள்.

கடையில் ரிப்பீட்டர் தருவார்கள், விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள். ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர், கேட்டதையே அதே சேனலில் திரும்பச் சொல்வதால் பாதி நேரம் அதற்கே போய்விடும். கேபிள் இழுக்க வருபவர் சுவரில் துளை போடக் கேட்டால் விடாதீர்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சு ஒருமுறை பெயர்ந்தால் அதே மாதிரி பூசித்தர ஆள் தேட வேண்டியிருக்கும். நிலைக்கு மேலே காற்றுக்கு விட்ட சாளரம் இருந்தால் அது வழியாகவோ, ஓட்டுக்குக் கீழே கைமரத்தை ஒட்டியோ கொண்டுபோகலாம். கரண்ட் ஒயர் போகிற குழாய்க்குள் மட்டும் சேர்த்துப் போட வேண்டாம்.

தேவகோட்டையிலிருந்து ஒரு மாணவர்: அதே வைஃபை, அதே லேப்டாப். யூடியூப் எச்டியில் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஆன்லைன் இன்டர்வியூ என்றால் மட்டும் குரல் வெட்டி வெட்டி வருகிறது. ஏன் சார்?

யூடியூப் உங்களை ஏமாற்றுகிறது தம்பி, நல்ல விதத்தில். படத்தைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் சர்வரில் வைத்திருப்பார்கள். ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ், 2012-இல் சர்வதேசத் தரமாக வந்த டேஷ், இரண்டுமே இந்த முறைதான். பிளேயர் கொஞ்சம் துண்டுகளை முன்கூட்டியே வாங்கிப் பஃபரில் வைத்துக்கொள்ளும். வைஃபை சில விநாடிகள் செத்துப்போனாலும் கையிருப்பிலிருந்து ஓட்டும், கையிருப்பு குறைந்தால் அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் வாங்கும். வழியில் ஏதாவது தொலைந்தால் டிசிபி போன்ற தகவல் அனுப்பும் நெறிமுறை அதைத் திரும்ப வரவழைத்துக்கொள்ளும், அதற்கு நேரம் இருக்கிறது.

இன்டர்வியூவில் அந்த நேரம் கிடையாது. எதிரில் இருப்பவர் இன்னும் பேசாததை முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் குரல் போய்ச் சேர 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூ-வின் ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டினால் ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே விழ ஆரம்பிப்பார். தாமதம் ஒரே சீராக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். குரல் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக, அதாவது தகவல் பொட்டலங்களாக, வருகிறது. ஒரு பாக்கெட் 30 மில்லி விநாடியில் வந்து அடுத்தது 200-இல் வந்தால், அதைத்தான் ஜிட்டர் என்கிறோம், அந்தத் தாமதமாக வந்த பாக்கெட் வந்தும் பயனில்லை. அது ஒலிக்க வேண்டிய நொடி போய்விட்டது, தூக்கிப் போட்டுவிடும். உங்களுக்கு வெட்டி வெட்டிக் கேட்பது இதுதான்.

வீடியோ காலில் முகம் கட்டம் கட்டமாக உடைவதற்கும் காரணம் உண்டு. வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுசாக அனுப்புவதில்லை. எப்போதாவது ஒரு முழுப் படம், மற்றதெல்லாம் முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பது மட்டும். நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அந்தப் பிழை பின்னால் வருகிற ஃபிரேம்களையும் தொற்றிக்கொண்டு வரும், அடுத்த முழுப் படம் வந்தால்தான் சரியாகும்.

இன்டர்வியூ அன்று ரூட்டர் இருக்கிற அறையிலேயே உட்காருங்கள், முடிந்தால் கேபிளைச் சொருகுங்கள், இல்லையென்றால் 5 ஜிகாஹெர்ட்ஸ். அப்படியும் தடுமாறினால், கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலில் பேசுங்கள். படம் இல்லாத குரலை யாரும் பொறுத்துக்கொள்வார்கள், குரல் இல்லாத படத்தை வைத்து என்ன செய்வது?

காரைக்குடியிலிருந்து ஒருவர்: வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். தம்பி கல்யாண வீடியோ ஃபைல்களை டிரைவில் ஏற்ற ஆரம்பித்தால் என் மீட்டிங் படுத்துவிடுகிறது. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் வேகம் நன்றாகத்தான் காட்டுகிறது.

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதி எழுதலாம், அவ்வளவு வீடுகளில் இது நடக்கிறது.

தம்பியின் ஃபைல் எவ்வளவு இடம் கொடுத்தாலும் எடுத்துக்கொள்ளும். ரூட்டர் அந்த பாக்கெட்டுகளைக் கீழே போடாமல் தன் நினைவகத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டே போகும். அந்த நீண்ட வரிசையின் கடைசியில்தான் உங்கள் குரல் பாக்கெட் போய் நிற்கிறது. இணைப்பில் வேகம் குறையவில்லை, உங்கள் பாக்கெட்டின் முறை வருவதற்குத்தான் நேரமாகிறது. வேலை ஓய்ந்த நேரத்தில் போடுகிற ஸ்பீடு டெஸ்டில் இது தெரியவே தெரியாது. நினைவகம் மலிவாகிப்போனதால் கருவி செய்கிறவர்கள் பெரிய பெரிய பஃபர்களை வைத்துவிட்டார்கள். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற கணினி நிரலாளர் தன் வீட்டு இணைப்பில் இதைக் கண்டு விரிவாக எழுதி, பஃபர்புளோட் என்று பெயரும் வைத்தார். 2012-இல் நெட்வொர்க் ஆய்வாளர்கள் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற வழிமுறையைக் கொடுத்தார்கள்: வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதே, ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார், நேரம் மீறினால் சிலவற்றை உதிர்த்து அனுப்புகிறவனுக்கு உணர்த்து. இதோடு ஒவ்வொரு பேச்சுக்கும் தனி வரிசை என்பதையும் சேர்த்ததுதான் எஃப்க்யூ-கோடெல்.

நீங்களே சோதிக்கலாம். லேப்டாப்பில் பிங் போட்டுப் பாருங்கள், ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று அது காட்டும்; ஒருமுறை சும்மா இருக்கும்போது, ஒருமுறை தம்பி ஏற்றிக்கொண்டிருக்கும்போது. 20 மில்லி விநாடியில் இருந்தது 300, 400 என்று ஏறினால் நோய் இதுதான். ரூட்டரில் இந்த மாதிரி வரிசையை நீளவிடாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம் என்ற வசதி இருந்தால் போட்டுவிட்டு, ஏற்றுகிற வேக வரம்பை நீங்கள் அளந்ததில் 85, 90 சதவீதம் என்று வையுங்கள். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால்தான் வரிசை உங்கள் ரூட்டரின் கட்டுப்பாட்டில் இருக்கும். இணைப்போடு வருகிற பெட்டிகளில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது, அதனால் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருள் ஓடுகிற ரூட்டர் ஒன்றை அதன் பின்னால் போடலாம். அது வரைக்கும் தம்பியை ராத்திரி தூங்கப்போகும்போது ஏற்றச் சொல்லுங்கள், அதுவும் நல்ல தீர்வுதான்.

ரூட்டரில் டபிள்யூஎம்எம் என்று ஒன்று இருக்கும், அதை அணைக்காதீர்கள். 2005-இல் முடிவான 802.11இ என்ற வைஃபை தரத்தின் ஒரு பகுதி அது. குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என்று நாலு வகையாகப் பிரித்து, குரலுக்குக் காற்றில் முதலில் வாய்ப்புக் கொடுக்கும். ஆனால் அது வீட்டுக்குள் காற்றில் நடக்கிற முந்தலை மட்டும்தான் ஒழுங்குபடுத்தும், வெளியே போகிற வரிசையை அது தொடாது.

சிராவயல் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர்: தை மாதம் மஞ்சுவிரட்டுப் பொட்டலிலிருந்து லைவ் போட்டேன். சிக்னல் முழுசாக இருந்தது, ஒரு விநாடிகூட ஒழுங்காகப் போகவில்லை. வாட்ஸ்அப் காலும் இல்லை. ஆனால் சாதாரண போன் கால் மட்டும் போனது. எப்படி?

நல்லாக் கவனித்திருக்கிறீர்கள். சிக்னல் கோடு, டவர் பேசுவது உங்களுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அந்த டவரில் இன்னும் எத்தனை பேர் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லாது. சாதாரண நாளில் ஊருக்குப் போதுமான டவர், மஞ்சுவிரட்டு அன்று அத்தனை ஊர்க் கூட்டத்தையும் தாங்க வேண்டும்.

லைவ் போடுவது பார்ப்பதைவிடக் கஷ்டம். டவரின் சக்தி பல வாட், உங்கள் 4ஜி கைபேசி அனுப்பும் அதிகபட்ச சக்தி பொதுவாக 200 மில்லிவாட்தான். 2300 மெகாஹெர்ட்ஸ் மாதிரியான பட்டைகளில் ஒரே அலைவரிசையைத் தகவல் ஏறுவதற்கும் (அப்லோடு) இறங்குவதற்கும் (டவுன்லோடு) நேரம் பிரித்துக் கொடுக்கிறார்கள், அதில் பெரும் பங்கு இறங்குவதற்கு. மிச்சமுள்ள கொஞ்சத்தில் பொட்டலில் நிற்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ ஏற்றினால் என்ன ஆகும்?

போன் கால் போனதற்குக் காரணம், 4ஜி-யில் ஒவ்வொரு வகைப் போக்குவரத்துக்கும் ஒரு தர எண் உண்டு, க்யூசிஐ என்பார்கள். வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகப் போகிற சாதாரண போன் கால், 1-ஆம் எண்ணில் போகும், அதற்கென்று இடம் ஒதுக்கி, தாமதம் 100 மில்லி விநாடிக்குள், இழப்பு நூற்றுக்கு ஒன்றுக்குள் என்று இலக்கும் வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் காலும் உங்கள் லைவும் பொதுவாக 9-ஆம் எண்ணில், எந்த உறுதியும் இல்லாமல், மற்ற எல்லா இணையப் போக்குவரத்தோடும் சேர்ந்து போகின்றன. அதுவும் குரல்தான் இதுவும் குரல்தான், ஆனால் நெட்வொர்க் ஒன்றுக்குத்தான் வாக்குக் கொடுத்திருக்கிறது.

அடுத்த தையில் இப்படிச் செய்யுங்கள். வேறு வேறு நிறுவன சிம் இரண்டு வைத்துக்கொண்டு, கூட்டம் சேர்ந்த பிறகு இரண்டிலும் அப்லோடு வேகத்தைப் பாருங்கள், முந்தின நாள் வெறும் பொட்டலில் பார்த்த கணக்கு உதவாது. படத் தரத்தை 480பி-க்கு இறக்கி 1 எம்பிபிஎஸ் அளவில் அனுப்புங்கள். அதுவும் நிற்கவில்லை என்றால் முழுத் தரத்தில் பதிவு செய்துவிட்டு, கூட்டத்தைத் தாண்டி வேறு டவர் கிடைக்கிற இடத்துக்கு வந்து ஏற்றுங்கள். அப்புறம், படம் எடுக்கிற ஆர்வத்தில் காளை வருகிற வழியில் நிற்காதீர்கள்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு வீடியோகிராஃபர்: கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் இப்போது யூடியூப் லைவ் கேட்கிறார்கள். திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் சரியாக நின்றுவிடுகிறது. வெளிநாட்டு உறவுக்காரர்கள் அதிகம் பேர் பார்ப்பதால் இருக்குமோ?

இல்லை. எத்தனை பேர் பார்த்தாலும் உங்களிடமிருந்து போவது ஒரே ஓட்டம்தான், பிரதி எடுத்துக் கொடுப்பது யூடியூப் சர்வர்களின் வேலை. திருப்பூட்டும் நேரத்தில் நிற்பது ஏனென்றால், வந்திருக்கிற எல்லோரும் அந்த நிமிடத்தில்தான் கைபேசியைத் தூக்கிப் படமெடுத்து உடனே அனுப்புகிறார்கள், நீங்களும் அவர்களோடு அதே வைஃபையில் இருக்கிறீர்கள்.

லைவ் லேப்டாப்பை வைஃபையில் விடாதீர்கள், ரூட்டரிலிருந்து கேபிள். விருந்தினர் வைஃபைக்குத் தனியாக வேக வரம்பு போடுங்கள். 720பி, 3 எம்பிபிஎஸ் அளவு, மாறாத பிட்ரேட் (அனுப்பும் வேகம்), கீஃபிரேம், அதாவது முன்னால் சொன்ன முழுப் படம், 2 விநாடிக்கு ஒன்று. அப்லோடு வேகம் இதைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். லேட்டன்சி (தாமதம்) அமைப்பில் நார்மல் என்பதையே தேர்ந்தெடுங்கள். பினாங்கில் இருக்கிற அத்தைக்கு அரை நிமிடம் கழித்துத் தெரிந்தால் குறையில்லை, நடுவில் நின்றால்தான் குறை. கேமராவின் கார்டிலும் தனியாகப் பதிவு ஓடட்டும்.

இதோடு நெட்வொர்க்குக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. சிலர் லைவுக்குப் பதில் ஜூம் போடுகிறார்கள். அப்போது நாதஸ்வரமும் தவிலும் அடங்கி அடங்கி ஒலிக்கும், இணைப்பு சரியில்லை என்று உங்கள் மேல் பழி வரும். உண்மையில் அந்தச் செயலி பேச்சுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று அமுக்கிவிடுகிறது. ஒரிஜினல் சவுண்ட் என்ற அமைப்பைப் போட்டுவிடுங்கள், கெட்டிமேளம் கெட்டிமேளமாகவே கேட்கும்.

காரைக்குடி வாசகி: கிரிக்கெட் பார்க்கும்போது பக்கத்து வீட்டில் கத்திய பிறகுதான் எங்கள் போனில் விக்கெட் விழுகிறது. எங்கள் நெட் மெதுவா?

இல்லவே இல்லை. அவர்கள் டிடிஎச்சில் பார்க்கிறார்களாக இருக்கும். உங்களுக்குத் துண்டு துண்டாக நறுக்கி, பஃபரில் சேர்த்து வைத்துத்தான் வருகிறது. 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள், அவ்வளவு பேருக்கும் உடையாமல் கொடுக்க முடிந்ததில் இந்தப் பின்தங்கலுக்கும் பங்கு உண்டு.

புதுவயலிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்: ஒரு நாளைக்கு 1.5 ஜிபி திட்டம். தினமும் ஒரு மணி நேரம் சொற்பொழிவு பார்ப்பேன். முடிவதற்குள் டேட்டா தீர்ந்து, அப்புறம் ஒன்றும் ஓடுவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள் ஐயா. 5 எம்பிபிஎஸ் ஓட்டம் ஒரு மணி நேரத்தில் 2.25 ஜிபி. ஆட்டோ என்று விட்டுவைத்தால் செயலி உங்கள் இணைப்புத் தாங்குகிற அளவுக்குத் தரத்தை ஏற்றிவிடும், உங்கள் திட்டத்தின் வரம்பு அதற்குத் தெரியாது. தரத்தை நீங்களே 480பி என்று வையுங்கள். 1 எம்பிபிஎஸ் என்று வைத்தாலும் மணிக்கு 450 எம்பி, மிச்சம் பேரப்பிள்ளைகளோடு பேச இருக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்தியாவில் பெரிய ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் சேர்ந்து, மொபைல் நெட்வொர்க்கில் 480பி-க்கு மேல் கொடுப்பதில்லை என்று கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். கைபேசித் திரையில் ஒருவர் உட்கார்ந்து பேசுவதைப் பார்க்க அது தாராளம். ஒலி மட்டும் போதும் என்கிற நாளில் 128 கேபிபிஎஸ் ஆடியோ ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பி-தான் ஆகும்.